பழைய துறைகளும் புதிய கணனிகளும்: தொடர்துறை இணைப்பிகளின் வரலாறு – ஒரு நோக்கு

கரைத்தீவு என்றதும் விபுலானந்த அடிகளார் பிறந்த ஊரே தமிழர் நினைவுக்கு வருதல் இயல்பு. இக்கட்டுரை கூறும் கரைத்தீவு அதுவன்று. புத்தளம் மாவட்டக் கரையோரத்திலே கடலை நம்பி வாழும் மற்றொரு கரைத்தீவாகும். இக்கடற்பரப்பின் அடியிலுள்ள பாறைத் திட்டுகளைத் தமிழர் 'பார்' என்பர். 1903 முதல் 1906 வரை வெளிவந்த ஹேர்ட்மனின் முத்துச்சிப்பி ஆய்வறிக்கைகளும் அச்சொல்லையே எடுத்தாண்டன. பார் இருக்குமிடத்தை அறிதல் மீனவரின் முதுசொம். கரையில் தெரியும் அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்ப்படுத்தி அதனை மதித்தறிந்தது முந்தைய தலைமுறை. செய்மதியின் துணையால் இடமறியும் கைக்கருவியிலே ஒரு புள்ளியாகப் பதிந்து வைத்தது அடுத்த தலைமுறை.

என் தந்தையாரிடமும் அத்தகைய கருவியொன்று உண்டு. அதன் திரை மங்கி வருகின்றது. முற்றாக மறையுமுன் அதிலுள்ள புள்ளிகளைக் கணனிக்கு மாற்ற முற்பட்டேன். கருவியின் கம்பியோ ஒன்பது ஊசிகளைக் கொண்ட பழைய தொடர்துறைக்கு உரியது. எனது மடிக்கணனியில் அத்தகைய துறையே இல்லை. இரண்டையும் பொருத்துவதற்கென வாங்கிய இணைப்பியையும் கணனி ஏற்க மறுத்தது. கருவியிலும் பழுதில்லை, கணனியிலும் பழுதில்லை; ஆயினும் ஒன்றன் மொழி மற்றொன்றுக்கு எட்டவில்லை. இந்நிலை எவ்வாறு தோன்றிற்று என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செய்தியைக் குறிக்கும் மின்துடிப்புகளை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புதலே தொடர்முறை எனப்படும். இதன் வேர் தந்தியிலே உள்ளது. இலங்கையின் முதலாவது தந்திப் பாதை 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே அமைந்தது. 1874இல் பிரெஞ்சு நாட்டவரான எமில் போடோ, ஐந்து துடிப்புகளால் ஓர் எழுத்தைக் குறிக்கும் தந்தி முறைக்கு உரிமம் பெற்றார். தொடர்துறையின் வேகத்தை அளக்கும் 'போட்' என்னும் அலகு அவர் பெயரால் வழங்குவதாகும்.

1960இல் ஐக்கிய அமெரிக்காவின் மின்னணுத் தொழிலாளர் அன்றி, மின்னணுத் தொழில் நிறுவனங்களின் சங்கமே ஆர்.எஸ்.-232 என்னும் நியமத்தை வெளியிட்டது. தொலையச்சுப் பொறியையும், அதனைத் தொலைபேசிக் கம்பியோடு தொடுக்கும் மோடத்தையும் இணைப்பதே அதன் முதல் நோக்கம். ஒன்று என்னும் இலக்கத்தை மறை அழுத்தமும், பூச்சியத்தை நேர் அழுத்தமும் குறிக்க வேண்டுமென அது வகுத்தது. இந்நியமம் எந்தத் தனி நிறுவனத்தினதும் இரகசியமன்று. விரும்பியவர் எவரும் அதனைப் படித்து அதற்கமையப் பொறி செய்யலாம். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணனிக்குத் தொடர்துறை அட்டை தனியாகக் கிடைத்தது, 1984இன் ஏ.டி. கணனியோடு ஒன்பது ஊசித் துறை வழக்கிற்கு வந்தது. இடையே 1983இல் அமெரிக்கக் கடல்சார் மின்னணுச் சங்கம் கப்பற் கருவிகளுக்கென வகுத்த நியமமும் தொடர்முறையையே கைக்கொண்டது. நொடிக்கு 4800 துடிப்புகள் என்பது அதன் வேகம். ஆய்வுகூடத் தராசு முதல் வானிலைக் கருவி வரை எண்ணற்றவை இவ்வழியே பேசின.

1996இல் யூ.எஸ்.பி. நியமம் வெளியாயிற்று. பல வடிவத் துறைகளை ஒழித்து, மின்னூட்டத்தையும் செய்தியையும் ஒரே கம்பியில் தருவது அதன் சிறப்பு. 1998இல் அப்பிள் நிறுவனத்தின் ஐமக் கணனி பழைய தொடர்துறையைக் கைவிட்டு யூ.எஸ்.பி.யைக் கொண்டு வந்தது. பிற கணனிகளிலும் அத்துறை படிப்படியாக மறைந்தது. எனினும் கணனி மாறும் விரைவில் கருவிகள் மாறுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே இணைப்பி.

இணைப்பி வெறுங் கம்பியன்று. தொடர்துறையில் இரு பக்கத்தாரும் நினைத்தபோது பேசலாம். யூ.எஸ்.பி.யிலோ கணனி வினவினாலன்றிக் கருவி வாய் திறவாது; செய்தியும் பொதிகளாகவே செல்லும். ஆகவே இணைப்பியின் உள்ளே ஒரு சில்லு மொழிபெயர்ப்பாளராக அமர்ந்திருக்கின்றது. அச்சில்லைக் கணனிக்கு அறிமுகஞ் செய்ய 'டிரைவர்' எனும் மென்பொருளும் வேண்டும். பழைய துறை பொதுவுடைமையாக இருந்தது, மொழிபெயர்ப்பாளரோ தனியுடைமையானார். சிக்கலின் மையம் இதுவேயாகும்.

இதற்கு இரு சான்றுகள் தரலாம். தாய்வானின் புரொலிபிக் நிறுவனம் தன் பழைய சில்லு வகைகள் சிலவற்றுக்கு விண்டோஸ் 8 முதலாக ஆதரவு தருவதை நிறுத்தியது. ஸ்கொட்லாந்தின் எப்.ரி.டி.ஐ. நிறுவனம் 2014இல் வெளியிட்ட டிரைவர், போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைப் பூச்சியமாக மாற்றி அவற்றைச் செயலிழக்கச் செய்தது. கண்டனம் எழவே அது விண்டோஸ் புதுப்பிப்பிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. போலிகளை எதிர்க்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் கடையில் இணைப்பி வாங்குபவன் உள்ளிருக்கும் சில்லின் பிறப்பை எவ்வாறு அறிவான்? குற்றம் ஒருவருடையது, தண்டனை மற்றொருவருக்கு.

இதற்கு மாறாக, லினக்ஸ் முறைமையில் இத்தகைய சில்லுகளுக்கான டிரைவர்களின் மூலநிரல் எல்லார்க்கும் திறந்திருக்கின்றது; பழையதென்று ஒருவர் கைவிட்டாலும் வேறொருவர் பேணலாம். எனது கணனி மறுத்த அதே இணைப்பியை, லினக்ஸ் இயங்கும் நண்பரின் கணனி உடனே ஏற்றுக்கொண்டது. அன்றிரவே புள்ளிகள் யாவும் திரையில் வந்தன.

ஆயினும் வேலை அத்துடன் முடியவில்லை. அக்கருவி ஒரு புள்ளியின் பெயருக்கு ஆறு எழுத்துகளையே அனுமதிப்பது. ஆங்கில எழுத்துகளாற் குறுக்கப்பட்ட அப்பெயர்கள் எனக்கு விளங்கவில்லை. தந்தையாரை அருகிருத்தி ஒவ்வொன்றாக வினவினேன். ஒன்று, பெரிய தந்தையாரின் வலை அறுந்த பார். இன்னொன்று, பாட்டனார் கரையடையாளம் பார்த்துக் கண்டுபிடித்த பார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்.

ஓலைச்சுவடியைக் காக்க ஏடும் எழுத்தாணியும் மாத்திரம் போதவில்லை. படித்தறிவாரும் படியெடுப்பாரும் வேண்டியிருந்தது. பொறிகளில் எழுதப்படும் இக்காலச் சுவடிகளுக்கும் அவ்விதியே பொருந்தும். பொதுவான நியமமும் திறந்த மொழிபெயர்ப்பும் இருக்கும்வரை பழையது வாழும். பொருள் சொல்ல வல்லார் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தாலன்றி, வாழ்ந்தும் அது பயன்படாது. வரலாறு பயிலும் நாம் நம் வீட்டு அலுமாரிகளில் உறங்கும் பழங்கருவிகளையும் மூலாதாரங்களாகக் கருதி, காலந் தாழ்த்தாது இவ்விரு பணிகளையும் மேற்கொள்வோமாக.