சுவிட்ச் அணைத்த பிறகும் சுற்றும் விசிறி

ஊத்துக்கோட்டையிலிருந்து பெரியபாளையம் வழியாகச் சென்னைக்குப் போனால், செங்குன்றத்துக்கு முன்னால் சோழவரம் வரும். சோழவரம் என்றாலே ஏரியும் கார் பந்தயமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பந்தயங்கள் நடந்த இடம், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய ஓடுதளம்! விமான வரலாறு என்றதும் வானத்தில் நடந்ததைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் முன்பே நடந்த விபத்துகளைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை.

சென்னைக்கு விமானம் 1910லேயே வந்துவிட்டது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் ஒரு விமானத்தைக் கட்டிப் பறந்து காட்டினார். 1930ல் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் தொடங்கியது. அந்தக் காலத்து இந்திய ஃப்ளையிங் கிளப்புகளில் பெரும்பாலும் இருந்தவை டி ஹாவிலண்ட் 'மாத்' விமானங்கள். மரமும் துணியும்தான் உடம்பு. காலி எடை சுமார் 400 கிலோ, அம்பாசடர் காரில் பாதிகூட இல்லை. ஸ்டார்ட்டர் கிடையாது, சக்கரத்துக்கு பிரேக்கும் கிடையாது.

அப்படியானால் எப்படிக் கிளப்புவது? சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைத்துவிட்டு, ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்ற வேண்டும். "சுவிட்ச் ஆஃப்" என்று கீழே இருப்பவர் கத்துவார், விமானி அதையே திருப்பிச் சொல்வார். பெட்ரோல் உள்ளே போகும்படி நாலைந்து சுற்று சுற்றிய பிறகு "காண்டாக்ட்" என்று குரல். அடுத்த இழுப்பில் இன்ஜின் பிடித்துவிடும். இழுத்தவர் அந்த நொடியே பின்வாங்க வேண்டும். ஈரப் புல்லில் கால் வழுக்கினாலோ, வேட்டி நுனி சிக்கினாலோ தப்பிப்பது கடினம்.

இதைவிட மோசமானது 'ஆஃப்' என்ற சொல்லை அப்படியே நம்புவது. இந்த இன்ஜின்களுக்குத் தீப்பொறி தருவது பேட்டரி அல்ல, மேக்னெட்டோ. இன்ஜின் சுற்றும்போது அது தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும். வீட்டு விளக்கின் சுவிட்சைப் போல இதன் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. ஒரு ஒயர் வழியாக அதை எர்த் செய்கிறது, அவ்வளவுதான். அந்த ஒயர் எங்காவது அறுந்திருந்தால் சுவிட்ச் 'ஆஃப்' என்று காட்டும், மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். இன்ஜின் சூடாக இருந்தால், சும்மா நகர்த்திய புரொப்பெல்லர்கூட ஒரு உதை கொடுக்கும்.

சரி, ஓடிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லரையாவது பார்த்து ஒதுங்கலாமே என்றால், வேகமாகச் சுற்றும்போது அது கண்ணுக்கே தெரிவதில்லை. அதனால்தான் அதன் நுனியில் மஞ்சளோ வெள்ளையோ பூசுகிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த வேலை ஓயவில்லை. டைகர் மாத் பல வருடங்கள் ஓடியது. 1958ல் முதலில் பறந்த எச்.ஏ.எல். 'புஷ்பக்' விமானத்தையும் கையால்தான் கிளப்பினார்கள்.

எடை குறைவு என்பதால் காற்றும் தண்ணீரும்கூட எதிரிகள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் மீனம்பாக்கத்துக்குள் புகுந்தபோது, நிறுத்தி வைத்திருந்த சில சிறு விமானங்கள் சேதமடைந்தன.

அதே மாதம் 16ம் தேதி மும்பையில் நடந்தது பெரிய விமானத்தின் கதைதான். ஆனால் காரணம் பழைய காரணமே. ஏர் இந்தியாவின் ஏர்பஸ் 319 ஒன்று, தரை ஊழியர்கள் விலகும் முன்பே நகர்த்தப்பட்டது. தொழில்நுட்ப ஊழியர் ஒருவர் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். சைகை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று சொல்லப்பட்டது. "காண்டாக்ட்" என்று இரண்டு பக்கமும் கத்தி உறுதிசெய்துகொண்ட அந்தப் பழைய வழக்கம் இங்கேதான் நினைவுக்கு வருகிறது.

இன்று பயிற்சிப் பள்ளிகளில் இருக்கும் செஸ்னா 172 சாவி திருப்பினால் கிளம்பிவிடும். ஆனால் அதன் மூக்குக்குள்ளும் இருப்பது இரண்டு மேக்னெட்டோக்கள்தான், அவற்றிலிருந்து வருவதும் அதே எர்த் ஒயர்தான்.