சிறைச் சுவரும் முன்னோர் கல்லும்: ராஞ்சியின் பிர்சா முண்டா நினைவு அருங்காட்சியகம்

ராஞ்சியின் பழைய சிறைச்சாலை 2021 நவம்பர் 15 அன்று பிர்சா முண்டா நினைவு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 25 அடி உயரமுள்ள பிர்சாவின் சிலையோடு சித்து, கானு, புது பகத், ஜத்ரா பகத் முதலிய பழங்குடித் தலைவர்களின் சிலைகளும் அங்கு உள்ளன. 1900 ஜூன் 9 அன்று பிர்சா உயிர் நீத்தது இச்சிறையில்தான். காலரா என்றது அரசுப் பதிவு. நஞ்சூட்டப்பட்டார் என்றே மக்கள் நம்பினர். அப்போது அவருக்கு 25 வயது நிறையவில்லை. அவர்மீதான வழக்கும் முடியவில்லை, சட்டத்தின்படி பார்த்தால் அவர் விசாரணைக் கைதியாகவே மாண்டார்.

சாவு நேர்ந்த அதே கட்டடத்தில் நினைவகம் அமைந்ததற்குத் தனி வலிமை உண்டு. ஆயினும் சிறையிலிருந்து சொல்லத் தொடங்கும் வரலாறு, ஒரு தனி வீரரின் முடிவோடு நின்றுவிடக்கூடும். பிர்சாவின் தலைமையில் முண்டாப் பழங்குடியினர் நடத்திய, உல்குலான் எனப்பட்ட பெருங்கிளர்ச்சியின் உயிர்நாடி நிலம்.

காட்டைத் திருத்திக் கழனியாக்கிய குடிவழியினருக்கே ஊர்நிலம் கூட்டாக உரியது என்பது முண்டாக்களின் குந்த்கட்டி முறை. 19ஆம் நூற்றாண்டில் ஜமீன்தார்களும் குத்தகைதாரர்களும் வட்டிக்கடைக்காரர்களும் அதைச் சிதைத்தனர். மண்ணுக்குரியவர்கள் தம் மண்ணிலேயே கூலியின்றி உழைக்க நேர்ந்தது. நீதிமன்றம் கேட்டதோ காகிதம். முண்டாக்களிடம் இருந்தவை சசன்திரி எனப்படும் கற்பலகைகள். குடிவழியின் முன்னோர் எலும்புகள் அவற்றின் அடியில் புதைக்கப்படும். முன்னோர் எங்கே உறங்குகிறார்களோ அங்கே வழித்தோன்றல்களுக்கு உரிமை உண்டு, கல்லே பட்டா.

இந்த மரபை அறிந்தால்தான் பிர்சாவின் சாவில் நிகழ்ந்த மற்றோர் இழப்பு புலப்படும். அவரது உடல் பிறந்த ஊரான உலிஹாதுவுக்குச் செல்லவில்லை. ராஞ்சியின் கோக்கர் பகுதியில் எரிக்கப்பட்டது. நிலத்துக்குக் கல்லைச் சான்றாக வைத்த மக்களின் தலைவர், தம் குடிவழிக் கல்லின் கீழ் இடம் பெறாமலே போனார். சிறை அறையைக் காண வருவோருக்குச் சசன்திரியின் பொருளையும் விளக்குவது இந்நினைவகத்தின் முதற்கடமை எனலாம்.

உருவச்சிலை பற்றிய விவாதமும் இதனோடு சேர்ந்தது. கைவிலங்குடன் எடுக்கப்பட்ட நிழற்படமே பிர்சாவின் தோற்றமாக நிலைத்து, சிலைகளிலும் விலங்கு ஏறியது. விலங்கில்லாத சிலைகளே வேண்டும் என 2016இல் ஜார்க்கண்ட் அரசு முடிவெடுத்தது. இந்த முடிவு தகும். விலங்கிட்ட உருவம் பிடித்தவர் பார்வையில் பதிந்தது. ஆனால் விலங்கைக் கழற்றிய கையோடு, அதைப் பூட்டியதன் காரணமும் மறைந்துவிடக் கூடாது.

அக்காரணத்தை டோம்பாரி மலையில் காணலாம். 1900 ஜனவரி 9 அன்று அங்கே கூடிய முண்டாக்கள்மீது படையினர் சுட்டனர். மாண்டோர் தொகை பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பலர் பெயரற்றவர்களாகவே மறைந்தனர். அவர்கள் கேட்டதில் ஒரு பகுதி 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டத்தில் கிடைத்தது. குந்த்கட்டி உரிமையை அது எழுத்தில் ஏற்றது. பழங்குடியினர் நிலம் பிறர் கைக்கு மாறுவதற்கும் தடைகள் விதித்தது.