கல்முனைக் கரையும் விடுமுறைக்காலப் பயிற்சியும்

இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த 1945 ஆம் ஆண்டு ஆரம்ப வகுப்புகளின் போதனாமொழி தாய்மொழியாயிற்று. ஆங்கிலம் இரண்டாம் மொழிப் பாடமாக அமைந்தது. ஏட்டில் இரண்டாம் மொழியெனினும், அம்பாறைக் கரையோரத்து உழவர், மீனவர் பிள்ளைகட்கு அது பிறமொழியே. அதனைக் கற்பிப்போரை வகுப்பினின்று பிரிக்காது பயிற்றுதற்குரிய காலம் விடுமுறையே.

இக்கரையில் இடர்ப்பாடு நாட்காட்டியில் உள்ளது. தமிழ்ப் பாடசாலைகள் நெடுங்காலமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் விடுமுறை பெற்றன. முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட விடுமுறையோ நோன்பு மாதத்தைத் தழுவியது. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்ததாதலின் அவ்விடுமுறை ஆண்டுதோறும் முன்னகரும். 1978 இல் ஆகஸ்டில் தொடங்கிய நோன்பு 1994 இல் பெப்ரவரியில் வந்தது. 2011 இல் மீண்டும் ஆகஸ்டை அடைந்தது. இதனால் சாய்ந்தமருது ஆசிரியரும், அதனையடுத்து விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவின் ஆசிரியரும் ஒரே பயிற்சியில் அமர்தல் பல ஆண்டுகளில் அரிதாகும்.

விடுமுறைகள் ஒன்றும் ஆண்டிலோ ஒருசாரார் நோன்பாளிகள். அத்தகைய ஆண்டுகளில் லுஹர் தொழுகைக்கு முன் முடியும் அரைநாள் வகுப்புகளே தக்கன. ஏனைய ஆண்டுகளில் ஒரே பயிற்சியை இருமுறை நடத்தல் வேண்டும். செலவு கூடுமென்பது உண்மையே.