பாய் விரிக்கிற அளவு இடம்

“அக்கா, யூடியூப்ல ஜென் தியானம் பத்திப் பார்த்தேன். வீட்டுல அமைதியான ஒரு மூலையைத் தனியா ஒதுக்கி வெச்சுக்கணுமாம். எங்க வீட்டுல இருக்கிறதே நாலு மூலை. ஒண்ணுல அடுப்பு, ஒண்ணுல தண்ணிக் குடம், ஒண்ணுல பீரோ, ஒண்ணுல ஆயா.”

மறுகுடியமர்வுக் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வருகிற கல்லூரி மாணவி சொன்னது இது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பேருந்தில் திரும்பி வரும்போது சிரிப்பு வரவில்லை. மெத்தை, ஊதுபத்தி, ஜன்னலோரம் ஒரு மூங்கில் செடி என்று இன்று விற்கப்படும் ஜென்னுக்கு ஒரு தனி அறை தேவைப்படுகிறது. அந்த அறை யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் ஜென் மரபு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வரலாற்றில் தனி அறை இல்லாதவர்கள்தான் நடுவில் நிற்கிறார்கள்.

ஹுயினெங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சீன ஜென்னின் ஆறாவது குரு என்று கொண்டாடப்படுபவர், மரபுப்படி அவர் காலம் 638 முதல் 713 வரை. தெற்குச் சீனத்தில் தகப்பனில்லாமல் வளர்ந்தவர், விறகு விற்றவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். மடத்துக்கு வந்தபோது குருவே அவரை, தெற்கத்திக் காட்டானுக்குப் புத்தநிலை எங்கிருந்து வரும் என்ற தொனியில்தான் கேட்கிறார். ஊருக்கு வடக்கு தெற்கு உண்டு, புத்தத்தன்மைக்கு ஏது என்று பதில் வருகிறது. இதன் பிறகும் அவரைத் தியான மண்டபத்துக்குள் அனுப்பவில்லை, நெல் குத்தும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். எட்டு மாதத்துக்கு மேல் அங்கேதான் இருந்தார். வாரிசாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதும் அங்கி இரவில் ரகசியமாகத்தான் கொடுக்கப்பட்டது, மற்ற துறவிகளுக்குப் பயந்து. இந்தக் கதையில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பின்னால் சேர்த்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எனக்கு முக்கியம், ஒரு மரபு தன் மூலவராக யாரை நிறுத்திக்கொண்டது என்பதுதான். அவர் பெயரில் வழங்கும் மேடை சூத்திரம் இன்னொன்றையும் சொல்கிறது: பயிற்சி செய்ய விரும்புகிறவர் மடத்துக்கு வரவேண்டியதில்லை, வீட்டிலிருந்தே செய்யலாம்.

ஜப்பானில் சோட்டோ ஜென்னுக்கு அடித்தளமிட்ட டோகென், சீனாவிலிருந்து 1227இல் திரும்பியதும் உட்காரும் முறை பற்றி ஒரு சிறு கையேடு எழுதினார். தடித்த விரிப்பு ஒன்று, அதன்மேல் ஒரு திண்டு, அளவான சாப்பாடு, அமைதியான அறை. அவ்வளவுதான் பட்டியல். 1231இல் எழுதியதில் ஆண் பெண், மேலோர் கீழோர் என்ற பேதம் இதற்குக் கிடையாது என்கிறார். (பிற்காலத்தில் துறவிகளையே உயர்த்திப் பேசினார், அதையும் மறைக்க வேண்டாம்.) மடத்தில் ஒரு துறவிக்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய ஒரு பாய். அதிலேயே உட்காருவது, அதிலேயே சாப்பாடு, அதிலேயே தூக்கம். நம் ஒற்றை அறை வீடுகளில் நடப்பதும் இதுதானே! பம்பாய் பரேலில் ஒரே அறையில் குடும்பமே படுத்திருக்க, தகப்பனார் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து மகனைப் படிக்க எழுப்பிவிட்டுத் தான் படுத்துக்கொள்வாராம். அந்த மகன் அம்பேத்கர்.

பேதமில்லை என்று எழுதிய டோகெனின் பிரிவு பிறகு செய்தது வேறு. தோல், இறைச்சி, பிண வேலை செய்ததால் தீட்டானவர்கள் என்று ஒதுக்கப்பட்ட புராக்குமின் மக்களுக்கு, இறந்தபின் சூட்டும் பௌத்தப் பெயரில்கூட ‘விலங்கு’, ‘இழிந்த’ எனப் பொருள்படும் எழுத்துகளைக் கோயில்கள் நுழைத்தன. கல்லறையிலும் கோயில் பதிவேட்டிலும் அந்த எழுத்து நின்றது. மாப்பிள்ளை தேடும்போதும் வேலை கொடுக்கும்போதும் அந்தப் பதிவேட்டைப் புரட்டி ‘பூர்வீகம்’ பார்த்தார்கள். 1871இலேயே சட்டப்படி அந்த அந்தஸ்து ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் 1979இல் உலக சமய மாநாடு ஒன்றில், ஜப்பானில் அப்படி ஒரு பாகுபாடே இல்லை என்றார் சோட்டோ பிரிவின் நிர்வாகத் தலைவர். புராக்கு விடுதலை இயக்கம் விடவில்லை. 1984இல் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. மன்னிப்பு தியானத்தில் பிறக்கவில்லை, போராட்டத்தில்தான் பிறந்தது.

அதனால்தான் நான் நியோகென் சென்சாக்கியிடம் போகிறேன். 1905இல் அமெரிக்கா போன ஜப்பானியர், சோயென் ஷாகு என்ற குருவின் சீடர். குரு சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பணக்கார வீட்டில் விருந்தினர். சீடர் அதே வீட்டில் வேலைக்காரர், அந்த வேலையும் நிலைக்கவில்லை. பல ஆண்டுகள் கற்பிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு குரு போய்விட்டார். வீட்டு வேலை, ஓட்டல் வேலை, லிப்ட் இயக்கும் வேலை என்று ஓடியது வாழ்க்கை. 1922இல்தான் கூலியில் மிச்சம் பிடித்த காசில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்தார். காசு தீர்ந்தால் கூடம் போய்விடும், சேர்ந்தால் வேறு இடத்தில் முளைக்கும். அதற்கு ‘மிதக்கும் ஜெண்டோ’ என்றே பெயர். சம்மணமிட முடியாத அமெரிக்கர்களுக்கு மடக்கு நாற்காலி போட்டார். 1931இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார்.

1942 பிப்ரவரியில் வந்தது அதிபரின் ஆணை 9066. ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீட்டை விட்டு முகாம்களுக்கு ஓட்டப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். சென்சாக்கி போய்ச் சேர்ந்தது வயோமிங் மாநிலத்தின் ஹார்ட் மவுண்டன் முகாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சுற்றி முள்வேலி, காவல் கோபுரம். தார்க் காகிதம் போர்த்திய பலகைக் கொட்டகைகள், குடும்பத்துக்கு ஓர் அறை, ஒரு கரி அடுப்பு, ஒரு பல்பு. கழிப்பறை வெளியே, பொதுவில். உறைபனிக் குளிர். அந்தக் கொட்டகையிலேயே அவர் தியானக் குழு நடத்தினார், முகாமில் இருந்த காலம் முழுக்க. இடம் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடமா அது? அரசு தள்ளிவிட்ட இடம். அதற்குள் தினமும் கொஞ்ச நேரத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். விடுதலைக்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸ் திரும்பி மறுபடி கற்பித்தார், 1958இல் இறந்தார்.

இதைச் சொன்னால் சில தோழர்கள் முறைப்பார்கள். கண்ணை மூடி உட்கார்ந்தால் பட்டா வருமா? வராது. பாபாசாகேப்பே 1950இல் எழுதிய கட்டுரையில், மக்களுக்குச் சேவை செய்யாமல் தியானத்திலும் சோம்பலிலும் காலம் தள்ளும் பிக்குகளைக் கண்டித்தவர்தான். அந்தக் கண்டிப்பு எனக்கும் சம்மதம். ஆனால் வழக்கு, மனு, பிணவறை வாசல் என்று அலைந்துவிட்டு வருகிற இரவுகளில் இருபது நிமிடம் சுவரைப் பார்த்து உட்காருவது எனக்கு உதவியிருக்கிறது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

இந்தக் கதைகளை அந்த மாணவியிடம் சொன்னேன். டோகென் இதற்கு வைத்த பெயருக்கே ‘வெறுமனே உட்காருதல்’ என்றுதான் பொருள் என்றும் சொன்னேன். மூன்று வாரம் கழித்து வந்து சொன்னாள்: பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரலாமாம். காலை நாலரைக்கு, தண்ணீர் வருவதற்கு முன். முதல் நாளே ஆயா விழித்துக்கொண்டு, “இன்னாடி, சாமி கும்புடறியா?” என்று கேட்டிருக்கிறார்.

“இல்ல ஆயா, சும்மா உக்காந்திருக்கேன்னு சொன்னேங்கா. அதுவும் எழுந்து பக்கத்துல உக்காந்துக்கிச்சு.”