விற்ற பின்னும் விடாத பிடி

1904-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிலிருந்த பாப்ஸ்-மெரில் பதிப்பகம் ஒரு நாவலை வெளியிட்டது. ஹாலி எர்மினி ரைவ்ஸ் என்ற பெண் எழுத்தாளர் கவிஞர் பைரனின் வாழ்க்கையைத் தழுவி எழுதிய 'தி காஸ்ட்அவே' என்பது அது. இலக்கிய வரலாற்றில் அந்நாவலுக்கு இன்று இடமில்லை. சட்ட வரலாற்றில் நிலையான இடம் உண்டு. காரணம் கதையன்று. பதிப்புரிமைக் குறிப்பை ஒட்டி அச்சிடப்பட்டிருந்த ஓர் அறிவிப்புத்தான். நூலின் சில்லறை விலை ஒரு டாலர், அதற்குக் குறைத்து விற்க எந்த வணிகருக்கும் உரிமம் இல்லை, மீறி விற்றால் அது பதிப்புரிமை மீறலாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம்.

நியூயார்க்கின் புகழ்பெற்ற மேசிஸ் அங்காடி அந்த அறிவிப்பைப் பொருட்படுத்தவில்லை. 89 சென்ட்டுக்கு விற்றது. அங்காடியின் உரிமையாளர்களான ஸ்ட்ராஸ் சகோதரர்கள் மீது பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. (அவர்களுள் ஒருவரான இசிடோர் ஸ்ட்ராஸ்தான் 1912-இல் டைட்டானிக் கப்பலில் மனைவியோடு உயிரிழந்தவர்.) 1908 ஜூன் முதல் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. படியெடுத்து விற்கும் உரிமை பதிப்புரிமை பெற்றவருக்கு உண்டு. ஆனால் ஒரு படியை விற்றுக் காசைப் பெற்றுக்கொண்டபின், அந்தப் படி மேற்கொண்டு என்ன விலைக்குக் கைமாற வேண்டும் என்று கட்டளையிடும் உரிமை அவருக்கு இல்லை. மறு ஆண்டே இக்கருத்து சட்டத்திலும் ஏறியது. 'முதல் விற்பனைக் கோட்பாடு' என்று இதனைச் சுட்டுவர். அமெரிக்காவில் பழைய புத்தகக் கடையும் நூலகமும் நண்பருக்கு இரவல் தருவதும் இக்கோட்பாட்டின் நிழலில் வாழ்பவை.

ஒரு நாவலால் உறுதிப்பட்ட இந்த உரிமை, ஏறத்தாழ நூறாண்டு கழித்து ஒரு கணினி விளையாட்டின் வழியே கைநழுவத் தொடங்கியது. அது எப்படி நேர்ந்தது என்பதே இங்கு நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். நமக்குத் தொழில் தமிழ் கற்பித்தல், கணினி அன்று. ஆயினும் புத்தகத்தை நேசிப்பவர்கள் கவனித்திருக்க வேண்டிய கதை இது என்று நாம் கருதுகிறோம்.

திருட்டுப் படிகளைத் தடுக்கும் பூட்டுகள் கணினி விளையாட்டுகளுக்குப் புதியவை அல்ல. ஆனால் முற்காலப் பூட்டுகளில் ஒரு நேர்மை இருந்தது. 1990-இல் வெளியான 'மங்கி ஐலண்ட்' விளையாட்டின் பெட்டியில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு அட்டை வட்டுகள் இருந்தன. ஒரு வட்டில் கடற்கொள்ளையர் முகங்களின் மேற்பாதி, மற்றதில் கீழ்ப்பாதி. திரையில் தோன்றும் முகத்தை வட்டில் பொருத்தினால் ஓர் ஆண்டு தெரியும். அதை உள்ளிட்டால் கதவு திறக்கும். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வில், கையேட்டைப் பார்த்துச் சரியான எழுத்துக்குரிய குப்பியைப் பருகினால்தான் அடுத்த கட்டம். எரிச்சலூட்டும் ஏற்பாடுதான். எனினும் பூட்டும் சாவியும் ஒரே பெட்டிக்குள் கிடந்தன. பெட்டியை நண்பருக்குக் கொடுத்தால் சாவியும் சேர்ந்து போயிற்று. பத்தாண்டு கழித்து விற்றாலும் அப்படியே. விற்றவர் கடையை மூடிவிட்டுப் போனாலும் வட்டு சுழன்றுகொண்டிருக்கும்.

கைமாறும் பெட்டிகளை வெளியீட்டாளர்கள் விரும்பவில்லை. ஜப்பானில் இந்த மனக்கசப்பு நீதிமன்றம் வரை சென்றது. பழைய விளையாட்டுகளை வாங்கி விற்கும் கடைகளைத் தடுக்க வேண்டும் என்று விளையாட்டு நிறுவனங்கள் வழக்காடின. அவற்றின் வாதம் சாதுரியமானது. ஜப்பானியச் சட்டப்படி திரைப்படப் படிகளின் விநியோகத்தின்மீது தயாரிப்பாளருக்குத் தனியுரிமை உண்டு; விளையாட்டும் ஒருவகைத் திரைப்படமே; ஆகவே அதன் ஒவ்வொரு கைமாற்றத்திற்கும் எங்கள் இசைவு வேண்டும் என்றன. 2002 ஏப்ரல் 25 அன்று ஜப்பானிய உச்சநீதிமன்றம் முற்பாதியை ஏற்றுப் பிற்பாதியை மறுத்தது. விளையாட்டு திரைப்படம் போன்றதே. ஆயினும் திரையரங்குகளுக்குச் சுற்றில் விடப்படும் படச்சுருள்களைப் போலன்றிப் பொதுமக்களுக்கு விற்கப்படும் பொருள் அது. முறையாக ஒருமுறை விற்றதோடு அந்த உரிமை தீர்ந்துவிடுகிறது.

அமெரிக்காவில் 1908-இலும் ஜப்பானில் 2002-இலும் கிடைத்த விடை ஒன்றே. நீதிமன்றத்தில் கிடைக்காத இப்பிடி வேறொரு வழியில் வந்து சேர்ந்தது.

வாஷிங்டன் மாநிலத்து வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பர் 12 அன்று 'ஸ்டீம்' என்னும் மென்பொருளை வெளியிட்டது. விளையாட்டுகளை இணையத்தின் வழியே தரவிறக்கவும் புதுப்பிக்கவும் உதவும் கருவி என்பதே அதன் அறிமுகம். தொடக்கத்தில் அதைச் சபிக்காத விளையாட்டாளர் அரிது. வேகம் குறைவு, வழங்கிகள் அடிக்கடி திணறின. மறு ஆண்டு நவம்பர் 16 அன்று, உலகமே காத்திருந்த 'ஹாஃப்-லைஃப் 2' வெளிவந்தது. அதற்கு ஸ்டீம் கட்டாயம் என்றார்கள். கடைக்குப் போய்க் காசு கொடுத்துக் குறுந்தகடுகள் அடங்கிய பெட்டியை வாங்கி வந்தவருக்கும் இதே விதி.

இதன் நுட்பத்தைச் சற்று விளக்க வேண்டும். குறுந்தகட்டில் விளையாட்டு இருந்தது. ஆனால் மறையாக்கம் செய்யப்பட்டு உறங்கிக் கிடந்தது. பெட்டியிலிருந்த எண்ணை இணையத்தின் வழியே நிறுவனத்துக்கு அனுப்பினால், அந்த எண் வாங்கியவரின் கணக்கோடு பிணைக்கப்படும். அதன்பின்னரே விளையாட்டு விழிக்கும். 'ஆக்டிவேஷன்' என்னும் இணையவழிச் செயலாக்கம் இதுதான். ஒருமுறை பிணைக்கப்பட்ட எண் இன்னொரு கணக்கில் செல்லாது. கணக்கைப் பிறருக்கு மாற்றித்தர ஒப்பந்தம் இடந்தராது. வெளியான நாளில் பலர் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு, நெரிசலில் திக்கிய வழங்கிகள் இசைவு தரும்வரை காத்திருந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் கையில் இருக்க, அதைத் தொடங்க விற்றவரின் அனுமதிக்குக் காத்திருப்பது வணிகத்தில் ஒரு புதிய காட்சி. பூட்டு வாங்கியவர் வீட்டில், சாவி விற்றவர் வீட்டில்.

ஜெர்மனியின் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு இதை எதிர்த்து வழக்காடியது. 2010 பிப்ரவரி 11 அன்று அந்நாட்டுக் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் படிக்கும்போது சிரிப்பதா வருந்துவதா என்று நமக்குத் தெரியவில்லை. முதல் விற்பனையோடு விநியோக உரிமை தீர்ந்துபோகிறது என்னும் கோட்பாட்டை நீதிமன்றம் மறுக்கவில்லை. குறுந்தகட்டைத் தாராளமாக விற்கலாம், அதை யாரும் தடுக்கவில்லை என்றது. கணக்கில்லாத குறுந்தகட்டை வாங்க ஆள் கிடைக்காமற்போவது விளையாட்டின் அமைப்பு காரணமாக நேர்வதே தவிர, உரிமையைப் பறித்ததாகாது என்பது அதன் தருக்கம். வீட்டை விற்கலாம், வாசல் மட்டும் எங்களுடையது என்பதற்கும் இதற்கும் நம்மால் வேற்றுமை காண இயலவில்லை.

இடைப்பட்ட காலத்தில் பூட்டுகள் பெருகின. 2008 செப்டம்பரில் வந்த 'ஸ்போர்' விளையாட்டை மூன்று கணினிகளுக்கு மேல் செயலாக்க முடியாது என்றார்கள். கணினியை மாற்றினாலோ பழுது பார்த்தாலோ ஒரு வாய்ப்புக் கழிந்துவிடும். அமேசான் தளத்தில் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் ஒற்றை நட்சத்திரம் இட்டுக் கொதித்தார்கள்; பின்னர் அந்த வரம்பு ஐந்தாக உயர்ந்தது. இதற்கிடையே பூட்டு உடைக்கப்பட்ட திருட்டுப் படி, விளையாட்டு கடைக்கு வருமுன்பே இணையத்தில் உலவியது. பூட்டினால் துன்புற்றவர் காசு கொடுத்தவர் மட்டுமே. 2010 மார்ச்சில் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'அசாசின்ஸ் க்ரீட் 2' இன்னும் ஒருபடி மேலே சென்றது. தனியாக ஆடும் ஆட்டமாயினும் இணைப்பு ஒரு நொடி அறுந்தால் நின்றுவிடும். வெளியான சில நாட்களில் நிறுவனத்தின் வழங்கிகள் தாக்குதலுக்குள்ளாக, வாங்கியவர்கள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் வீட்டு அலமாரியிலும் இதற்கு ஒரு சான்று கிடக்கிறது. 2007-இல் வாங்கிய ஒரு விளையாட்டின் குறுந்தகடு. கீறல் இல்லை, பெட்டி கசங்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் உறவுக்காரப் பையன் ஒருவன் கேட்டானென்று எடுத்துக் கணினியில் இட்டோம். எண்ணைக் கேட்டது; கொடுத்தோம். வழங்கியைத் தொடர்புகொள்ள இயலவில்லை என்றது. வெளியிட்ட நிறுவனம் (பெயர் வேண்டாம்) அந்த வழங்கியை என்றோ நிறுத்திவிட்டிருந்தது. அதே அலமாரியின் மேல்தட்டில் நம் பாட்டனார் வாங்கிய புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றைத் திறக்க நாம் எவரையும் தொடர்புகொள்ள வேண்டியிருக்கவில்லை.

புத்தகங்களும் தப்பவில்லை. 2009 ஜூலையில், கிண்டில் கருவியில் காசு கொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் சில படிகளை அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பக் கிடைத்தது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். பாடத்துக்காக நூலைப் படித்துக் குறிப்பெழுதியிருந்த ஒரு பள்ளி மாணவரின் குறிப்புகள் பொருத்திப் பார்க்க நூலின்றிப் பயனற்றுப் போயின. எல்லாவற்றையும் விட்டு ஆர்வெல்லின் நூலிலா கைவைக்க வேண்டும் என்று அப்போது பலரும் சிரித்தார்கள். சிரித்ததோடு விட்டுவிட்டோம்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் நேர்மையற்றவராவோம். ஸ்டீம் வென்றது பூட்டினால் அன்று, வசதியால். தள்ளுபடி விலையில் விளையாட்டுகள் கிடைத்தன. கணினி பழுதானாலும் கணக்கைத் திறந்து மீண்டும் தரவிறக்கிக்கொள்ளலாம். கடை அலமாரியில் இடம் கிடைக்காத சிறு படைப்பாளிகள் பிழைக்க வழி பிறந்தது. 2008-இல் போலந்திலிருந்து தொடங்கிய 'ஜிஓஜி' தளம், பூட்டே இல்லாமல் விற்றும் பிழைக்கலாம் என்று காட்டியது. ஆயினும் பெருங்கூட்டம் வசதியின் பக்கமே போயிற்று. கட்டாயப்படுத்தி வாங்கப்பட்ட சம்மதமென்று முழுவதுமாகச் சொல்லிவிட முடியாது.

ஐரோப்பாவில் ஒருமுறை நம்பிக்கை துளிர்த்தது. 2012 ஜூலை 3 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஆரக்கிள் நிறுவனம் தொடர்பான வழக்கில், தரவிறக்கம் செய்த மென்பொருளையும் மறுவிற்பனை செய்யலாம் என்றது. அதைப் பற்றிக்கொண்டு பிரான்சின் நுகர்வோர் அமைப்பொன்று வால்வ் மீது வழக்கிட, 2019 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம் விளையாட்டாளர் பக்கம் தீர்ப்பளித்தது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் அதைப் புரட்டியது. 2024 அக்டோபரில் பிரான்சின் உச்ச மன்றமும் அதையே உறுதிசெய்தது. விளையாட்டு வெறும் மென்பொருள் அன்று, இசையும் ஓவியமும் கதையும் கலந்த படைப்பு; ஆகவே மென்பொருளுக்கான சலுகை அதற்குப் பொருந்தாது என்பது காரணங்களுள் ஒன்று. விளையாட்டைக் கலையென்று ஒப்புக்கொள்ளுங்கள் என்று ஆர்வலர்கள் பல்லாண்டு மன்றாடினார்கள். ஒப்புக்கொண்டபோது அது அவர்களுக்கு எதிராகவே முடிந்தது.

ஆஸ்திரேலியா வேறு வழியில் சென்றது. அந்நாட்டு நுகர்வோர் சட்டம் கணினி மென்பொருளையும் 'பொருள்' என்றே வரையறுக்கிறது. பழுதான விளையாட்டுக்குப் பணம் திருப்பித்தர மாட்டோம் என்னும் வால்வின் விதி அச்சட்டத்துக்கு முரண் என்று ஆணையம் 2014-இல் வழக்கிட்டது. ஆஸ்திரேலியாவில் நாங்கள் வணிகமே செய்யவில்லை என்பது நிறுவனத்தின் வாதங்களுள் ஒன்று. அங்கே அதற்கு 22 இலட்சம் கணக்குகள் இருந்தன. 2016 டிசம்பரில் 30 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 2015 ஜூனில், பணம் திருப்பித் தரும் முறையை ஸ்டீம் உலகெங்கும் கொண்டுவந்துவிட்டது.

கலிபோர்னியா மாநிலம் 2024-இல் இயற்றிய சட்டம், சொல்லைப் பற்றியது. பறித்துக்கொள்ளத்தக்க உரிமத்தை மட்டும் தந்துவிட்டு 'வாங்குங்கள்' என்று பொத்தானில் எழுதுவது ஏமாற்று. அது உரிமமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2025 சனவரி முதல் இது நடைமுறைக்கு வந்தது. சில மாதம் முன்னரே ஸ்டீமின் விற்பனைப் பக்கத்தில் அத்தகைய குறிப்பு தோன்றிவிட்டது. சொல்லுக்கும் பொருளுக்குமான உறவைப் பாடமாக நடத்தும் நமக்கு இச்சட்டம் உவப்பானதுதான். ஆனால் இது தருவது எச்சரிக்கை மட்டுமே, உரிமை அன்று.

அச்சட்டம் பேசப்பட்ட காலத்தில் எல்லோர் மனத்திலும் இருந்தது யூபிசாஃப்டின் 'தி க்ரூ'. 2014 டிசம்பரில் வந்த காரோட்ட விளையாட்டு. அமெரிக்கக் கண்டத்தைச் சுருக்கி, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் வரை நிற்காமல் ஓட்டிச்செல்லும்படி அமைத்திருந்தார்கள். தனியே ஓட்டினாலும் வழங்கியின் தொடர்பு வேண்டும். 2023 டிசம்பரில் விற்பனை நின்றது. 2024 மார்ச் 31 அன்று வழங்கிகள் அணைக்கப்பட்டன. சாலைகள், நகரங்கள், மலைகள் எல்லாம் வாங்கியவர்களின் கணினியிலேயே இருந்தும் நுழைய வழியில்லை. அடுத்த மாதம், பலருடைய கணக்குகளிலிருந்து அந்த உரிமமும் நீக்கப்பட்டது.

ராஸ் ஸ்காட் என்னும் காணொளிப் படைப்பாளர் அந்த ஏப்ரலிலேயே 'விளையாட்டுகளைக் கொல்லாதீர்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். வழங்கியை என்றென்றும் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது வாங்கியவர் தாமே ஆடத்தக்க நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்பதே கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அவர்களது மனுவில் 2025 ஜூலை முடிவுக்குள் 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன.

அதற்குள் வேறு சிலர் காத்திராமல் வேலையில் இறங்கியிருந்தார்கள். அணைக்கப்பட்ட வழங்கி என்னென்ன மறுமொழிகளைத் தந்துவந்தது என்பதைத் துருவி ஆராய்ந்து, அதைப் போலவே பேசும் இன்னொன்றை ஆர்வலர்களே கட்டினார்கள். 2025 செப்டம்பரில் அது பொதுவில் வெளியிடப்பட்டது. பழைய கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தவர்கள் நியூயார்க்கிலிருந்து மறுபடி புறப்பட்டார்கள்.