"இவன் திருந்தமாட்டான்" என்று சொல்ல முன்...



சந்தியில் சண்டித்தனம் செய்யும் பொடியனைப் பார்த்து, "ஈவிரக்கம் இல்லாதவன், இனித் திருந்தமாட்டான்" என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். ஆசிரியர்களாகிய நாமும் அப்படிச் சொல்லியிருக்கிறோம்.

நமது நாட்டுச் சட்டமே இதில் மெல்ல மெல்லத்தான் மாறியது. 1883 தண்டனைச் சட்டக்கோவை, 8 வயது தாண்டிய பிள்ளைமீதும் குற்றப் பொறுப்பைச் சுமத்த இடம் வைத்தது. 1939 இல் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் சிறுவர் நீதிமன்றத்துக்கு வழி செய்தது. 2018 இல்தான் அந்த வயதெல்லை 12 ஆனது.

1944 இல் ஜோன் பௌல்பி என்ற மருத்துவர், லண்டனில் களவில் பிடிபட்ட 44 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். பாசமே காட்டாதவர்கள் என்று அவர் கண்ட 14 பேரில் 12 பேர், சிறுவயதில் தாயை நீண்டகாலம் பிரிந்திருந்தவர்கள். பிரிவு மட்டுமே காரணமல்ல; பரம்பரைக்கும் பங்குண்டு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. இன்றும் 18 வயதுக்கு முன் 'சமூக விரோத ஆளுமைக் கோளாறு' என்று மருத்துவர்கள் முடிவு செய்வதில்லை. அதுவரை 'நடத்தைக் கோளாறு' என்பார்கள். ஏனென்றால் பலர் வளர வளர மாறிவிடுகிறார்கள்.

1985 இல் இடம்பெயர்ந்த திரியாய்க்குப் பிரிவின் வலி தெரியும். இன்று தாய் வெளிநாட்டில் உழைக்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு. அந்தத் தாய்மாரைக் குறை சொல்லவில்லை. அவர்களின் பிள்ளைகளுக்கு நாம் யார் என்றுதான் கேட்கிறோம்.

அடித்தவனைக் கண்டிப்போம், அடிபட்ட பிள்ளையைப் பாதுகாப்போம். தேவைப்பட்டால் ஆலோசனை ஆசிரியரையும் நன்னடத்தை உத்தியோகத்தரையும் நாடுவோம். மருத்துவரே 18 வரை பொறுக்கிறார். 14 வயதுப் பிள்ளைக்கு நாம் பட்டம் சூட்ட வேண்டாம்.