ஆறு ஸ்பீக்கர் இசையும் 700 எம்பி சிடியும்

இசை டிவிடி ஒன்றைக் கணினியில் போட்டுத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு ஃபோல்டர்கள் கண்ணில் படும். ஒன்றின் பெயர் வீடியோ டிஎஸ், இன்னொன்று ஆடியோ டிஎஸ். இரண்டாவதைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. பாட்டு டிவிடியில் ஆடியோ ஃபோல்டர் காலியாக இருக்கிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று சந்தேகப்படத் தோன்றும். ஏமாற்று எதுவும் கிடையாது. 2000-ல் வெளிவந்த டிவிடி ஆடியோ என்ற தனி வடிவத்துக்காக ஒதுக்கிய இடம் அது. அந்த வடிவம் சந்தையில் எடுபடவில்லை; அதன் பெயர்ப்பலகை மட்டும் தட்டுகளில் தங்கிவிட்டது. சாதாரண டிவிடியில் ஒலி முழுவதும் படத்தோடு பின்னிப் பிணைந்து, வீடியோ டிஎஸ் ஃபோல்டரில் உள்ள விஓபி கோப்புகளுக்குள் கிடக்கிறது.

அங்கே பல ஒலித்தடங்கள் இருக்கலாம். ஒரு நிகழ்ச்சிக்கு எட்டுத் தடங்கள் வரை வைக்க டிவிடி விதிகள் இடம் கொடுத்தன. சினிமா டிவிடியில் அந்த இடம் பல மொழிகளுக்குப் போகும். கச்சேரி டிவிடியில் மொழி ஒன்றுதான். அதனால் ஒரே கச்சேரியை இரண்டு மூன்று விதமாகக் கலந்து வைத்தார்கள். பல தட்டுகளில் முதல் தடம் அமுக்கப்படாத ஸ்டீரியோ. அடுத்தது ஆறு சானல் டால்பி டிஜிட்டல். வசதி இருந்தால் மூன்றாவதாக டிடிஎஸ். இந்த வரிசையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த சேதத்தில் பாதி இதனால் வந்ததுதான்.

கேட்பவரைச் சுற்றி இசையை நிறுத்தும் முயற்சி டிவிடியோடு தொடங்கியதல்ல. 1970களில் நான்கு ஸ்பீக்கர்களுக்கான 'குவாட்ரஃபோனிக்' எல்பி தட்டுகள் வந்தன. எஸ்க்யூ, க்யூஎஸ், சிடி-4 என்று ஒன்றோடொன்று ஒத்துவராத மூன்று முறைகள் போட்டி போட்டதில், வாங்குகிறவர்கள் குழம்பி ஒதுங்கிவிட்டார்கள். அடுத்த வாய்ப்பு சினிமா வழியாக வந்தது. 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டால்பி டிஜிட்டலும், 1993-ல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு டிடிஎஸ்ஸும் தியேட்டர்களுக்கு வந்தன. முன்னால் இடம், நடு, வலம் என மூன்று ஸ்பீக்கர், பின்பக்கம் இரண்டு, அடித்தொனிக்கு மட்டும் ஒரு சப்வூஃபர். கடைசியாகச் சொன்னது முழு சானல் கணக்கில் சேராது என்பதால் 5.1. டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தபோது இந்த ஏற்பாடு வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது.

இசைக்கு இது பெரிய விஷயம். ஸ்டீரியோவில் கச்சேரியும் கைதட்டலும் ஒரே சுவரிலிருந்துதான் வரும். 5.1-ல் மேடை முன்னால் இருக்கும், கூட்டம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், மண்டபத்தின் எதிரொலி சுற்றிலும் இருக்கும். ஈகிள்ஸ் குழு மீண்டும் ஒன்றுகூடி 1994-ல் நடத்திய 'ஹெல் ஃப்ரீசஸ் ஓவர்' கச்சேரியின் டிடிஎஸ் தடம், ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்களுக்குக் கடைகளில் போட்டுக் காட்டும் தட்டாகவே ஆகிவிட்டது. டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' இன்னும் சுவாரசியமானது. ஜோனதன் டெமி 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பேன்டேஜஸ் தியேட்டரில் படம்பிடித்த கச்சேரி அது. 1999-ல் வந்த அதன் டிவிடியில் ஒரு ஸ்டீரியோ தடமும் இரண்டு வெவ்வேறு 5.1 தடங்களும் இருந்தன: ஒன்று படத்துக்கான கலவை, மற்றது ஸ்டுடியோ கலவை. ஒரே கச்சேரியை இரண்டு விதமாகச் சுற்றி உட்கார்ந்து கேட்கலாம். ஒலிப்பொறியாளர்கள் தனியாக உட்கார்ந்து செய்த வேலை இது.

இதெல்லாம் வீடியோ கோப்பாக மாறத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். டிவிடியின் பூட்டை உடைக்கும் டிசிஎஸ்எஸ் என்ற சின்ன நிரல் 1999-ல் இணையத்தில் வெளியானது. அதற்காக நார்வேயில் வழக்கைச் சந்தித்த யோன் லெக் யோஹான்சனுக்கு அது வெளியானபோது வயது 15. (2003-ல் இரண்டு நீதிமன்றங்களும் அவரை விடுவித்தன.) மறுபக்கம் பிரான்சைச் சேர்ந்த ஜெரோம் ரோட்டா மைக்ரோசாஃப்டின் எம்பெக்-4 கோடெக்கை மாற்றியமைத்து டிவ்எக்ஸ் என்று பெயரிட்டார். பெயரின் வாலில் கண்சிமிட்டும் ஸ்மைலி ஒன்றும் உண்டு. பல ஜிபி இடம் பிடிக்கும் டிவிடி இதன்மூலம் ஒரு 700 எம்பி சிடியில் அடங்கியது. மலிவாகக் கிடைத்த எழுதும் தட்டு சிடிதான். அதனால் எல்லாவற்றையும் அந்த 700-க்குள் திணிப்பதே அந்த ஆண்டுகளின் கலை.

இனி கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேரக் கச்சேரி. டிவிடி விதிகள் டால்பி டிஜிட்டலுக்கு அனுமதித்த உச்ச வேகம் நொடிக்கு 448 கிலோபிட். அப்படியே எடுத்து வைத்தால் ஒலி மட்டும் 302 எம்பி. ஸ்டீரியோ எம்பி3 ஆக்கி 128 கிலோபிட்டில் வைத்தால் வெறும் 86 எம்பி. அதாவது ஆறு சானலைக் காப்பாற்றினால் படத்துக்குக் கிடைக்கும் இடம் 614-லிருந்து 398 எம்பியாகச் சுருங்கும்; படம் கட்டம் கட்டமாக உடையும். முழு வேக டிடிஎஸ் என்றால் பேச்சே இல்லை, ஒலிக்கே ஒரு ஜிபி வேண்டும். படம் கெட்டால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பின்பக்க ஸ்பீக்கர் இல்லாத வீட்டில் பின்பக்க ஒலி போனால் யாருக்குத் தெரியும்? எம்பி3-க்கு அடித்த ஜாக்பாட் இப்படித்தான். சாதாரண எம்பி3 இரண்டு சானலுக்கு மேல் தாங்காது.

ஆறை இரண்டாக்குவதை 'டவுன்மிக்ஸ்' என்பார்கள். வழக்கமான சூத்திரம் எளிது. நடு ஸ்பீக்கரின் ஒலியை ஏறக்குறைய 0.7 மடங்காக்கி இடத்திலும் வலத்திலும் சேர்; பின்பக்க ஒலிகளையும் அதே போலக் குறைத்து அந்தந்தப் பக்கத்தில் சேர்; சப்வூஃபர் சானலைப் பெரும்பாலும் தூக்கிப் போடு. எல்லாம் சேர்ந்து உச்சம் தாண்டாமலிருக்க மொத்த ஒலியையும் இறக்கு. சினிமா வசனத்துக்கு இது பரவாயில்லை. கச்சேரியில்தான் அடி விழுகிறது. முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டிய கூட்டம் பாடகரின் வாய்மேல் வந்து உட்காருகிறது, டிரம்ஸின் அடிவயிறு காணாமல் போகிறது. கூட்டிவிட்ட எண்ணை மறுபடி பிரிக்க வழியும் கிடையாது. டால்பி புரோ லாஜிக் 2 போன்ற முறைகள் பின்பக்க ஒலியை ஸ்டீரியோவுக்குள் ஒளித்து வைத்துப் பிறகு ஊகித்து எடுத்தன. அது ஊகம்தான், அசல் ஆகாது.

இதைவிட வேடிக்கையான இழப்பும் நடந்தது. மாற்றும் மென்பொருள்கள் பல, கேட்காமலே முதல் தடத்தை எடுத்துக்கொண்டன. இசை டிவிடியில் முதல் தடம் பெரும்பாலும் ஸ்டீரியோ என்று மேலே பார்த்தோமே, அதனால் 5.1 தடம் ஒன்று இருந்ததையே அறியாமல் மாற்றி முடித்தார்கள். இதில் நுட்பக் குறை எதுவும் இல்லை, வரிசைக் கோளாறு மட்டுமே.

விஷயம் தெரிந்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே வேறு வழியில் போனார்கள். ஒலியைத் தொடாதே, அப்படியே பிரித்து எடு, அப்படியே புதுக் கோப்பில் வை. டால்பி டிஜிட்டல் ஏற்கனவே ஒருமுறை அமுக்கப்பட்டது. அதை விரித்து மறுபடி அமுக்குவது ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது போல. டிவிடி2ஏவிஐ என்ற இலவச நிரல் ஏசி3 கோப்பைத் தனியாக எடுத்துக் கொடுத்தது. அதன் பெயரிலேயே 'டிலே' என்று ஒரு மில்லிநொடிக் கணக்கும் இருக்கும். படத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளி அது. சேர்க்கும்போது அந்த எண்ணைக் கொடுக்க மறந்தால் பாடகரின் உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பழி டிவிடி மேல் விழும்.

எடுத்ததை எதில் வைப்பது என்பது அடுத்த சிக்கல். அன்றைய ஏவிஐ கோப்பு 1992-ல் மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது. ஏசி3-ஐ எப்படியோ அதில் ஏற்றிவிட்டார்கள்; டிடிஎஸ் பல பிளேயர்களில் சண்டித்தனம் செய்தது. பல தடம், பாட்டுவாரியான பகுப்பு, தலைப்பு வரிகள் என்று டிவிடியில் இருந்தவற்றைக் கௌரவமாக வைக்க அதில் இடமில்லை. 2002 டிசம்பரில் மட்ரோஸ்கா பிறந்தது இந்தத் தேவையில்தான். எம்சிஎஃப் என்ற முந்தைய திட்டத்திலிருந்து ஸ்டீவ் லோமும் தோழர்களும் பிரிந்து வந்து தொடங்கியது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ரஷ்ய மரப்பொம்மைதான் பெயருக்கு மூலம். கோப்பின் வால் எம்கேவி. உள்ளே வைக்கும் ஒலி எது என்று அது கவலைப்படுவதில்லை. டால்பியோ, டிடிஎஸ்ஸோ, அமுக்கப்படாததோ, எத்தனை தடமானாலும் உள்ளபடியே ஏற்கும். மோரிட்ஸ் புன்கஸ் எழுதிய எம்கேவி டூல்நிக்ஸ் அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கும். 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' தட்டின் மூன்று தடங்களும் ஒரே கோப்பில் உட்காரலாம்.

இதற்கிடையே ஆறு சானலையும் ஏஏசி வடிவத்துக்கு மாற்றிப் பார்த்தவர்கள் வேறொரு பள்ளத்தில் விழுந்தார்கள். டால்பியில் சானல் வரிசை இடம், நடு, வலம் என்று தொடங்கும். ஏஏசியில் நடு, இடம், வலம். இடையில் வரும் வேவ் கோப்பிலோ இடம், வலம், நடு. ஒரு மென்பொருள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காவிட்டால் பாடகர் இடப்பக்கச் சுவருக்குப் போய்விடுவார். வரிசை சரியாக இருந்தாலும் கேபிள் தடுத்தது. கணினியிலிருந்து ரிசீவருக்குப் போகும் எஸ்பிடிஐஎஃப் கேபிள் இரண்டு வகைகளைத்தான் சுமக்கும்: விரித்த ஸ்டீரியோ, அல்லது அமுக்கிய நிலையிலேயே டால்பி, டிடிஎஸ். ஆறு சானல் ஏஏசியைக் கணினி விரித்தால் அந்த வழியில் இரண்டு சானல்தான் வெளியேறும். தொடாமல் வைத்த ஏசி3 மட்டும் ரிசீவர் வரை முழுசாகப் போய்ச் சேர்ந்தது. எச்டிஎம்ஐ பரவிய பிறகுதான் இந்தத் தொல்லை ஓய்ந்தது.

எம்பி4 பக்கம் மாற்றம் மெதுவாக வந்தது. எரிக் பெட்டி 2003-ல் பீஓஎஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதத் தொடங்கிய ஹேண்ட்பிரேக், டிவிடி மாற்ற நினைக்கும் சாதாரணப் பயனாளரின் கருவியாக வளர்ந்தது. 2008 பிப்ரவரியில் ஆப்பிள் டிவி டால்பி தடத்தை அப்படியே வெளியே அனுப்பக் கற்றுக்கொண்டது. அதற்கேற்ப ஹேண்ட்பிரேக்கும் ஒரு கோப்பில் இரண்டு தடம் வைத்தது: கையடக்கக் கருவிகளுக்கு ஸ்டீரியோ ஏஏசி, கூடத்து ரிசீவருக்கு அசல் ஏசி3. புத்திசாலித்தனமான சமரசம். ஹார்ட் டிஸ்க் விலை குறைந்து 700 எம்பி என்ற எல்லையும் அர்த்தமிழந்தது. 2017 மார்ச்சில் ஏசி3-இன் கடைசிக் காப்புரிமையும் காலாவதியானதால், அதை வாசிக்கும் நிரல் எழுத இன்று யாரிடமும் காப்புரிமைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை.

வழி கிடைத்தபோது பல கோப்புகள் ஏற்கனவே மாறி முடிந்திருந்தன. இன்று ஸ்ட்ரீமிங்கில் சுற்றொலி கிடைக்கிறதே என்று கேட்கலாம். ஆப்பிள் மியூசிக் 2021-ல் தொடங்கிய டால்பி அட்மாஸ் பாடல்கள் அந்த வடிவத்துக்கெனக் கலக்கப்பட்டவை. 1999-ல் ஒருவர் ஒரு கச்சேரிக்குச் செய்த 5.1 கலவை மறுவெளியீடு காணாவிட்டால், அது அந்த டிவிடியில் மட்டும்தான். தட்டும் நிரந்தரம் இல்லை. உள்ளே உலோகப் படலம் கெட்டால் முதலில் சில பாட்டுகள் சிக்கும், பிறகு முழுதும் படிக்காது.

பழைய கோப்பு ஏதாவது இருந்தால் விஎல்சி பிளேயரில் திறந்து கோடெக் விவரத்தைப் பாருங்கள். ஏசி3, 48000 ஹெர்ட்ஸ், ஆறு சானல், 448 என்று காட்டினால் மாற்றியவர் ஒலியைத் தொடவில்லை. எம்பி3, இரண்டு சானல், 128 என்று காட்டினால், அந்த டிவிடி இன்னும் அலமாரியில் இருக்கிறதா என்று தேட வேண்டியதுதான்.